பொறுப்பைக் குத்தகைக்கு விடலாமா?

'பொறுப்பு' என்னும் சொல்லின் வேர் 'பொறு' என்பது. பொறுத்தல் என்றால் தாங்குதல். நம் நாட்டுப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சில இடங்களில் காணலாம். தலைச்சுமையோடு வழிநடந்தவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறவும், மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் நட்ட கற்கள் அவை. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் நம் முன்னோரிடையே இருந்தது. ஒருத்தியால் இறக்கி வைக்க முடியாமற்போன சுமையை நினைந்து, ஊராரின் சுமையைத் தாங்க ஒரு கல்லை நிறுத்தினர். பொறுப்பு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

உலக வணிகத்தில் இன்று மிகுதியாக வழங்கும் சொல் வேறொன்று. அது 'இடர்'. இடரை அளக்கலாம்; பங்கிடலாம்; காப்பீடு செய்யலாம்; ஒப்பந்தத்தின் ஒரு வரியால் அடுத்தவர் தலையில் ஏற்றலாம். மனித உரிமைகளும் இப்போது பெரிய நிறுவனங்களின் அலுவலகங்களுக்குள் இந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே நுழைகின்றன. 'மனித உரிமை இடர் மேலாண்மை' என்று தனித் துறைகளும் தனி அலுவலர்களும் அமைந்துவிட்டனர். இதை நாம் குறை கூறவில்லை. மனித உரிமை என்ற பேச்சே எழாத காலத்தைவிட இது நற்காலமே. எனினும் ஒரு கேள்வி நம் உள்ளத்தை உறுத்துகிறது. இடர் திறம்பட மேலாண்மை செய்யப்பட்ட இடத்தில் பொறுப்பும் தாங்கப்பட்டுவிட்டதா?

ஒரு சான்றிதழின் கதை

2012 செப்டம்பர் 11 அன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில், பால்தியா பகுதியிலிருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலையில் தீப்பற்றியது. 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சன்னல்களில் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்தன. வெளியேறும் வாயில்கள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆலை தைத்த ஆடைகளின் பெரும்பகுதியை வாங்கி வந்தது கிக் என்னும் ஜெர்மானிய மலிவு விலை ஆடை நிறுவனம்.

இக்கொடுமையில் நம்மைத் திகைக்க வைப்பது மற்றொரு செய்தி. தீ விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்னும் பன்னாட்டுச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தொழிலாளரின் பாதுகாப்பும் நலமும் செம்மையாகப் பேணப்படுகின்றன என்பதற்கான சான்று அது. அதை வழங்கியது இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஒரு சான்றளிப்பு நிறுவனம். ஆய்வு செய்ததோ அந்நிறுவனம் உள்ளூரில் அமர்த்திய வேறொரு நிறுவனம். வாங்குபவர் தைப்பவரை நம்பினார். தைப்பவர் சான்றிதழைக் காட்டினார். சான்றளித்தவர் உள்ளூர் ஆய்வாளரின் அறிக்கையை நம்பினார். இவ்வாறு ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைப் பார்த்திருக்க, பூட்டிய கதவைத் திறக்க எவர் கையும் இல்லாமற்போனது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தீ தானாகப் பற்றியதன்று, பணம் பறிக்க முயன்றவர்கள் வைத்தது என்று கராச்சி நீதிமன்றம் ஒன்று 2020-இல் தீர்ப்பளித்து, இருவருக்கு மரண தண்டனை விதித்தது. அப்படியானால் ஆலைக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் இதில் பங்கில்லை என்று கொள்ளலாமா? தீ வைத்தவர் வேறு. தப்பும் வழியை அடைத்தவர் வேறு. கதவுகள் திறந்திருந்தால் அந்தத் தீ பொருளை அழித்திருக்கும். இத்தனை உயிர்களை அழித்திராது.

இறந்தோரின் குடும்பத்தினர் இருவரும் உயிர் தப்பிய ஒருவரும் மகனை இழந்த ஒரு தாயும் என நால்வர், ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர நீதிமன்றத்தில் கிக் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். பாகிஸ்தான் சட்டப்படி காலவரம்பு கடந்துவிட்டது என்று கூறி 2019 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வாங்குபவர் தொலைவிலுள்ள ஆலைத் தொழிலாளர்க்குப் பொறுப்பா, இல்லையா என்ற மூலக் கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. 2016-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முயற்சியால் அந்நிறுவனம் 51 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடு தர இசைந்திருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

விரிசலைக் கண்டவர்கள்

கராச்சித் தீ அணைந்து எட்டுத் திங்கள்கூட ஆகவில்லை. பங்களாதேஷின் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழ்த் தளங்களில் கடைகளும் ஒரு வங்கிக் கிளையும், மேலே ஐந்து ஆடை ஆலைகளும் இயங்கின. மேல்மாடிகள் சில முறையான அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களிலும் தூண்களிலும் பெரும் விரிசல்கள் தோன்றின. வந்து பார்த்த பொறியாளர் கட்டடம் ஆபத்தானது என்றார். மறுநாள் வங்கி திறக்கவில்லை, கடைகள் திறக்கவில்லை. ஆனால் ஆடைத் தொழிலாளர்கள் வேலைக்கு வரவேண்டும் எனக் கட்டளையிடப்பட்டனர். வராவிட்டால் மாதச் சம்பளம் நிற்கும் என்று அச்சுறுத்தப்பட்டதாகத் தப்பியவர்கள் கூறினர். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் மின்சாரம் தடைப்பட்டது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. சிறிது நேரத்தில் கட்டடம் முழுதும் சரிந்தது. 1,134 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர்.

அங்கிருந்த ஆலைகளுள் சில ஏற்கெனவே தணிக்கைக்கு உட்பட்டவையே. கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது அத்தணிக்கையின் வரம்பில் இல்லை என்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. அங்கே யாருக்காக ஆடை தைக்கப்பட்டது என்பதை நிறுவுவதற்குக்கூட, இடிபாடுகளுக்கிடையே கிடந்த ஆடைச் சீட்டுகளைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. தம் ஆடைகள் அக்கட்டடத்தில் தைக்கப்படுவதே தமக்குத் தெரியாது என்ற நிறுவனங்களும் உண்டு.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த ஏப்ரல் 24 காலையில், கட்டடம் விழக்கூடும் என்பதை அறிந்திருந்தவர் யார்? எந்தத் தணிக்கையாளரும் அல்லர். விரிசலைத் தன் கண்ணால் கண்டு, படியேறத் தயங்கி நின்ற தையல் தொழிலாளி அவள். அவளுக்கு அறிவு இருந்தது. 'ஏறமாட்டேன்' என்று சொல்லும் ஆற்றல் இல்லை. அன்று பங்களாதேஷ் ஆடைத் தொழிலில் குறைந்த அளவு மாதச் சம்பளம் 3,000 டாக்கா. மாதக் கடைசியில் அதை இழப்பது அடுத்த மாதச் சோற்றையும் வீட்டு வாடகையையும் இழப்பதாகும். மறுபுறம், 'ஒரு வாரம் தாமதமானாலும் குற்றமில்லை, ஆட்களை வெளியேற்றுங்கள்' என்று சொல்லும் ஆற்றல் உடையவர்கள் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்தனர். அவர்களுக்கு ஆற்றல் இருந்தது, அறிவு இல்லை. அறிவு ஒரு முனையிலும் ஆற்றல் மறுமுனையிலும் இருக்க, இடையே இருந்தவை காகிதங்கள் மட்டுமே. உலக வணிகத்தின் அறச் சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

அந்த ஆண்டு மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவன்று, திருத்தந்தை பிரான்சிஸ் இந்த ஆலைத் தொழிலாளரின் சொற்பச் சம்பளத்தைக் குறிப்பிட்டு, இதற்கு அடிமைத் தொழில் என்று பெயர் என வெளிப்படையாகக் கூறினார். கட்டடம் இடிந்ததைப் பற்றிய வேளையில் அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசியது பொருத்தமானதே. படியேற மறுக்க முடியாதபடி அந்தப் பெண்ணைக் கட்டிப்போட்டது அந்தச் சம்பளம் அன்றோ?

யாருடைய இடர்?

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் பேரவை 2011 ஜூன் 16 அன்று, வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டும் நெறிகளை ஒருமனதாக ஏற்றது. ஜான் ரக்கி என்னும் பேராசிரியர் ஆறாண்டுகள் பல நாடுகளில் கலந்தாய்ந்து வகுத்த 31 நெறிகள் அவை. அவற்றின் சாரம் மூன்று கடமைகள். மனித உரிமைகளைப் பாதுகாப்பது அரசின் கடமை. மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டோர்க்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும்.

இந்நெறிகளில் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இடர் என்ற சொல்லை அவை விலக்கவில்லை. ஆனால் அதன் முகத்தைத் திருப்பிவிட்டன. வணிக வழக்கில் இடர் என்றால் நிறுவனத்துக்கு வரும் இடர்: வழக்கு, அவப்பெயர், பங்கு விலைச் சரிவு. வழிகாட்டும் நெறிகளோ மனிதருக்கு நேரும் இடரை முதலில் எண்ணச் சொல்கின்றன. எந்தத் தீங்கை முதலில் கவனிப்பது என்ற கேள்விக்கும், அது எவ்வளவு கொடியது, எத்தனை பேரைத் தாக்குவது, மீண்டும் சரிசெய்ய இயலுமா என்பவற்றை அளவுகோலாகத் தருகின்றன. நிறுவனத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது அங்கே அளவுகோல் அன்று.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ண வேண்டாம். 2012 நவம்பரில் டாக்கா அருகே தாஸ்ரீன் ஆலைத் தீயில் 110-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மார்ச்சில் டிஸ்னி நிறுவனம், தன் பெயர் தாங்கிய பொருள்களைப் பங்களாதேஷிலும் வேறு சில நாடுகளிலும் செய்விப்பதை நிறுத்த முடிவு செய்தது. அந்நிறுவனத்தின் இடர் அத்துடன் நீங்கியது. தொழிலாளியின் இடர்? அவளுடைய ஆலை அப்படியே இருந்தது. அதன் கதவும் அப்படியே இருந்தது. வேலை மட்டும் குறைந்தது. இடரைத் தீர்ப்பதும் பொறுப்பைத் தாங்குவதும் எதிரெதிர்த் திசையில் செல்லவும் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்று மறுப்புகள்

இவ்வாறு பேசும்போது எழும் மறுப்புகளை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

முதல் மறுப்பு: 'சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அந்நாட்டு அரசின் வேலை, சட்டை வாங்குபவரின் வேலையா?' அரசின் கடமையே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசு தன் கடமையைச் செய்யத் தவறினாலும் நிறுவனத்தின் பொறுப்பு குறைவதில்லை என்று வழிகாட்டும் நெறிகள் தெளிவாகக் கூறுகின்றன. இதில் நியாயம் இருக்கிறது. சட்டம் தளர்ந்த இடத்தில் உற்பத்தி மலிவாகிறது. அந்த மலிவை ஆதாயமாக எடுத்துக்கொண்டு, தீங்கு நேரும்போது மட்டும் 'சட்டம் எங்கே போயிற்று?' என்று கேட்பது முறையாகாது.

இரண்டாம் மறுப்பு கனமானது: 'நிபந்தனைகளைக் கூட்டினால் தொழில் வேறு நாட்டுக்குப் போய்விடும். பட்டினி கிடக்கப்போவது அந்த ஏழைப் பெண்களே.' பங்களாதேஷ் ஆடைத் தொழிலில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் பணியாற்றுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தன் கையில் தன் சம்பளத்தை வாங்கும் பெண்ணுக்கு வீட்டில் ஒரு குரல் கிடைக்கிறது. அந்த நன்மையை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இம்மறுப்பிலிருந்து பெறப்படுவது, வாங்குபவர் விலகிப் போகாமல் நின்று சரிசெய்ய வேண்டும் என்பதே. உயிருக்கும் வேலைக்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள் என்று ஏழையை நிறுத்துவதை இதனால் நியாயப்படுத்த இயலாது.

மூன்றாம் மறுப்பு: 'மலிவைக் கேட்பவர் நுகர்வோரே.' இது நம்மைச் சுட்டுகிறது. இதற்குப் பின்னர் வருவோம்.

பள்ளத்தை நோக்கி

இடர் கைமாறும்போது எங்கே சென்று சேர்கிறது என்பதை உலகம் 2020-இல் கண்ணாரக் கண்டது. கொரோனா நோயால் மேலைநாடுகளில் கடைகள் அடைக்கப்பட்டபோது, பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆடைக் கொள்முதல் ஆணைகள் நீக்கப்பட்டன அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று அந்நாட்டு உற்பத்தியாளர் சங்கம் தெரிவித்தது. அவற்றுள் தைத்து முடித்தவையும் இருந்தன. துணி வாங்கிய கடனும் தைத்த கூலியும் ஆலையின் தலையில். சரக்கு ஏறிய பின்னரே விலை தருவது வாங்குபவரின் வழக்கம். ஒப்பந்தத்தில் எதிர்பாரா இடையூறு பற்றிய விதி இருந்தது. அதைக் காட்டிப் பலர் விலகினர். ஆலை முதலாளி தொழிலாளியை வெறுங்கையோடு அனுப்பினார். அவள் யாரை அனுப்புவாள்? அவளுக்குக் கீழே ஒப்பந்தம் போட ஆளில்லை. மழைநீர் பள்ளத்தில் சேர்வதுபோல் இடர் அனைத்தும் அவளிடம் சேர்ந்தது. தொழிற்சங்கங்களும் பொதுமக்களும் எழுப்பிய குரலால் பல நிறுவனங்கள் பின்னர் முழு விலையைத் தர இசைந்தன.

எழுதிக் கொடுத்த கை

எனினும் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. ராணா பிளாசா இடிந்து ஒரு மாதம் ஆகுமுன், 2013 மேயில், பங்களாதேஷ் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவாயிற்று. இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளோடு, காலப்போக்கில் 200-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டன. ஏறத்தாழ 1,600 ஆலைகள் அதன் கீழ் வந்தன. முந்தைய வாக்குறுதிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இது சட்டப்படி பிணிப்பது. மீறிய நிறுவனத்தை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இரண்டு நிறுவனங்கள் அவ்வாறு இழுக்கப்பட்டு, இறுதியில் இணக்கம் கண்டு பணம் செலுத்தவும் நேர்ந்தது. ஆய்வறிக்கைகள் பூட்டி வைக்கப்படாமல் பொதுவில் வெளியிடப்பட்டன. பழுதுநீக்கும் செலவை ஆலை ஏற்கத்தக்க வகையில் வாங்குபவர் வணிக நிபந்தனைகளை அமைக்க வேண்டும் என்ற கடப்பாடும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தான கட்டடத்தில் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் தரப்பட்டது. 2013 ஏப்ரல் 24 காலையில் அந்தப் பெண்ணிடம் இல்லாத ஒன்று இதுவே.

2023-இல் இத்தகைய உடன்படிக்கை பாகிஸ்தானிலும் நடைமுறைக்கு வந்தது. கராச்சித் தீக்குப் பின் பத்தாண்டுகள் கடந்திருந்தன.

இதன் கிளை நம் தமிழ்நாட்டிலும் உண்டு. 2021 ஜனவரியில், ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண் கொலையுண்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கை பிறந்தது. தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதில் முதன்மைப் பங்கு வகித்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு நிறுவனங்கள் அந்த ஆண்டில் அதற்கு உடன்பட்டன. தையல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்போர் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்று, சாதி மற்றும் பாலினக் கொடுமைகளைப் பதிவு செய்தனர். முறையிட்டவரைப் பழிவாங்கலாகாது என்பதும் உறுதி செய்யப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் ஆய்வாளரின் கண்ணுக்குப் படாதது, அங்கேயே இருப்பவளின் கண்ணுக்குப் படும். நாம் முன்னே கண்ட இடைவெளியை, அறிவையும் ஆற்றலையும் ஒருசேர அவள் கையில் தந்து மூட முயன்ற முயற்சி இது.

சட்டங்களும் மெல்ல அசைந்தன. பிரான்ஸ் 2017-இல் பெருநிறுவனங்களின் விழிப்புக் கடமையைச் சட்டமாக்கியது. ஜெர்மனியின் வழங்கல் தொடர்ச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் ஒரு நெறியாணையை இயற்றியது. ஆனால் அதன் தொடக்கம் மறு ஆண்டே தள்ளிவைக்கப்பட்டது. நிறுவனங்களுக்கு இது பெருஞ்சுமை என்பது சொல்லப்பட்ட காரணம். சுமை என்பது உண்மைதான். பொறுப்பு எப்போதுமே சுமைதான். இதுவரை அதைச் சுமந்தவர் யார் என்பதே கேள்வி.

நம் வாசலில்

இறுதியாக நம்மைப் பற்றி. நாம் உலக நிறுவனங்களை நடத்துபவர்கள் அல்லர். ஆயினும் நாம் ஒரு வீடு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேலையை மேஸ்திரியிடம் ஒப்படைக்கிறோம். அவர் ஆட்களைக் கூட்டி வருகிறார். பட்டுப்போன கயிற்றில் கட்டிய சாரத்தில் நின்று ஒரு சித்தாள் சாந்துச் சட்டியை வாங்கிக் கொடுக்கிறாள். மாலையில் வந்து பார்க்கும் நாம் சுவரின் நூல் பிடித்த நேர்மையைப் பார்க்கிறோம். சாரத்தின் கயிற்றைப் பார்ப்பதில்லை. அவள் விழுந்தால் 'மேஸ்திரியைக் கேளுங்கள், மொத்தமாகப் பேசிக் கொடுத்துவிட்டோம்' என்போம். கராச்சியில் சொல்லப்பட்டதற்கும் இதற்கும் தொகையில்தான் வேறுபாடு, சொல்லில் இல்லை.

வேலையைக் குத்தகைக்கு விடலாம். அது குற்றமன்று, உலகம் அப்படித்தான் இயங்குகிறது. பொறுப்பைக் குத்தகைக்கு விட முடியாது. விட்டுவிட்டதாக நாம் எண்ணும்போதும் அது நம்மைவிட்டு நீங்குவதில்லை; அதைத் தாங்கும் வேலை மட்டும் நம்மினும் வலுவற்ற ஒருவர் தோளில் விழுகிறது. அறுநூறு ரூபாய்ச் சட்டை முந்நூறுக்குக் கிடைக்கும்போது மகிழ்வது இயல்பு. மீதி முந்நூறை யார் கொடுத்தார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் இயல்பாக வேண்டும். விலை குறைந்ததெல்லாம் வஞ்சனையால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்குக்கூட மனமில்லாமற்போவதே நாம் அஞ்ச வேண்டியது. கடையில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமற்போகலாம். ஆனால் நம் வீட்டுச் சாரத்தின் கயிற்றை இழுத்துப் பார்க்க நமக்கு எந்தப் பன்னாட்டு நெறியும் தேவையில்லை.

சுமைதாங்கிக் கல் வழிப்போக்கரிடம் ஊர் கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. நம் வழியில் நம்பொருட்டுச் சுமந்து நடப்பவர்களை நாம் ஒருநாளும் காணப்போவதில்லை. ஆயினும் அவர்கள் சற்றே இறக்கி வைக்கும் உயரத்தில் நம் தோள் இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.